கோடிக்குப் போகும் கார்டு, குப்பைக்குப் போகும் கார்டு

2025 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தில் ஒரு கூடைப்பந்து கார்டு 1 கோடியே 29 லட்சம் டாலருக்கு விலைபோனது. மைக்கேல் ஜோர்டான், கோபி பிரையன்ட் இருவரின் கையெழுத்தும், அவர்களது சட்டைகளிலிருந்து எடுத்த என்பிஏ சின்னங்களும் பதித்த கார்டு அது. 2007-08 பருவத்துக்காக அப்பர் டெக் நிறுவனம் ஒன்றே ஒன்று செய்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே ஏல நிறுவனத்தில் மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் 1952ஆம் ஆண்டு கார்டு 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போயிருந்தது. விளையாட்டு வீரர் கார்டுகளில் அதுவரை எதுவும் அந்த விலையைத் தொட்டதில்லை.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் ‘இப்போது எதை வாங்கி வைக்கலாம்?’ என்ற கேள்வி எழும். டொரன்டோவிலோ நியூ ஜெர்சியிலோ சிங்கப்பூரிலோ பிள்ளைகளுக்குப் போகிமான் கார்டு பேக் வாங்கித் தரும் தமிழ்ப் பெற்றோருக்கும் அந்தக் கேள்வி புதிதல்ல. பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. இதில் கைமாறுவது நிஜப் பணம். இழப்பவர்களில் சேமிப்பு உண்டியலை உடைத்து வாங்கும் சிறுவர்களும் இருக்கிறார்கள்.

மேன்டில் கார்டையே எடுத்துக்கொள்வோம். அது அவருடைய முதல் கார்டு அல்ல. ‘ரூக்கி கார்டு’ எனப்படும் அந்த முதல் கார்டை 1951இலேயே பௌமன் நிறுவனம் வெளியிட்டுவிட்டது. அடுத்த ஆண்டு டாப்ஸ் நிறுவனம் 407 கார்டுகள் கொண்ட வரிசையைப் பகுதி பகுதியாகக் கடைக்கு அனுப்பியது. மேன்டிலின் எண் 311. அந்த எண்ணில் தொடங்கும் கடைசிப் பகுதி கடைக்கு வந்தபோது பேஸ்பால் பருவம் முடிந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் மனம் அமெரிக்கக் கால்பந்துக்குத் திரும்பிவிட்டது. விற்காத பெட்டிகள் கிடங்கில் தேங்கின. 1960இல் அவற்றைக் குப்பைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்த வரிசையை உருவாக்கிய சை பெர்கர் பின்னாளில் சொன்னார். விற்றவையும் பெரும்பாலும் தப்பவில்லை. பிள்ளைகள் சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகினார்கள், சுவரில் எறிந்து பந்தயம் ஆடினார்கள், ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினார்கள். எஞ்சியதை வீடு ஒழிக்கும்போது பெரியவர்கள் தூக்கியெறிந்தார்கள். மடிப்பும் தேய்மானமும் இல்லாமல் மிஞ்சியவை மிகச் சில. ஏலத்தில் சாதனை படைத்தது அவற்றில் ஒன்று.

அதை விற்றவர் 1991இல் 50,000 டாலர் கொடுத்து வாங்கியிருந்தார். 31 ஆண்டுகளில் 252 மடங்கு. ஆண்டுக்கு ஏறத்தாழ 19.5 சதவீதக் கூட்டு வளர்ச்சி என்று கணக்கு வருகிறது. அருமையான வருமானம், மறுக்கவில்லை. ஆனால் சந்தையின் உச்சியில் நிற்கும் கார்டின் கணக்கு இது. அதே 1991இல் அமெரிக்கச் சிறுவர்கள் லட்சக்கணக்கில் வாங்கிச் சேர்த்த கார்டுகள் என்ன ஆயின என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

எண்பதுகளின் நடுவில் பழைய கார்டுகளின் விலை நாளிதழ்ச் செய்தியானது. உடனே நாடே சேர்க்கத் தொடங்கியது. டாப்ஸ், டான்ரஸ், ஃபிளீர், ஸ்கோர், அப்பர் டெக் என்று நிறுவனங்கள் போட்டி போட்டு அச்சிட்டுத் தள்ளின. வாங்கியவர்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கண்போலக் காத்தார்கள். சேகரிப்பாளர்கள் இன்று அந்தக் காலத்தை ‘ஜங்க் வாக்ஸ்’ காலம் என்கிறார்கள். அன்று பேக்குகள் மெழுகுத்தாளில் சுற்றி வந்தன; உள்ளே இருந்தவை குப்பைக் கணக்கில் சேர்ந்துவிட்டன. அந்தக் காலத்தின் நட்சத்திரமான 1989 அப்பர் டெக் கென் கிரிஃபி ஜூனியர் கார்டுக்கு மட்டும் 4,000க்கும் மேற்பட்ட பிரதிகள் பத்துக்குப் பத்து மதிப்பெண் வாங்கியிருக்கின்றன. அதற்கு அடுத்த நிலையில் இருந்த ஆயிரக்கணக்கான வீரர்களின் கார்டுகளை இலவசமாகத் தந்தாலும் வாங்க ஆளில்லை. முப்பது ஆண்டு பத்திரப்படுத்திய பெட்டி பணவீக்கத்தைக்கூட எட்டவில்லை.

இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: விலை ஏறும் என்று நம்பி எல்லோரும் பத்திரப்படுத்தும் கார்டு, அந்த நம்பிக்கையாலேயே அரிதாகும் வாய்ப்பை இழக்கிறது. போகிமான் நிறுவனம் 2025 மார்ச் வரை உலகெங்கும் 7,500 கோடிக்கும் மேற்பட்ட கார்டுகளை அச்சிட்டிருக்கிறது. அதற்கு முந்தைய ஒரே நிதியாண்டில் மட்டும் 1,000 கோடிக்கும் அதிகம். இன்று பேக்கைப் பிரிக்கும் சிறுவன்கூட நல்ல கார்டு வந்தால் விரல் படாமல் உறையில் செருகுகிறான். இருபது ஆண்டு கழித்து இந்தக் கார்டுகளுக்குப் பஞ்சம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

மதிப்பெண் என்று சொன்னேன். அதை விளக்க வேண்டும். பிஎஸ்ஏ என்ற நிறுவனம் 1991இலிருந்து கார்டுகளைச் சோதித்து 1 முதல் 10 வரை தரம் போடுகிறது. எஸ்ஜிசி, சிஜிசி, பெக்கெட் ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. நான்கு மூலைகளின் கூர்மை, ஓரங்கள், மேற்பரப்பின் கீறல், படம் நடுவில் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்த்து, தரம் எழுதிய கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துவிடுவார்கள். அதற்கு ‘ஸ்லாப்’ என்று பெயர். வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் 9க்கும் 10க்கும் இடையில் விலை பல மடங்கு தாவும். 1999இல் ஆங்கிலத்தில் வந்த போகிமான் முதல் பதிப்பு சாரிசார்ட் கார்டில் பிஎஸ்ஏ 10 வாங்கியவை ஏறத்தாழ 120தான். அவற்றில் ஒன்று 2022 மார்ச்சில் 4,20,000 டாலருக்குப் போனது. எந்தக் கார்டு எந்தத் தரத்தில் எத்தனை இருக்கிறது என்ற கணக்கைத் தரமதிப்பீட்டு நிறுவனங்களே வெளியிடுகின்றன. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அதைப் பாராமல் பெரிய தொகை கொடுப்பவரை எந்த ஆலோசனையும் காப்பாற்றாது.

அரிதாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அதற்காக ஏங்கும் மனிதர் வேண்டும், அவர் கையில் காசும் வேண்டும். 1952இல் 10 வயதில் மேன்டில் கார்டை வைத்து ஆடிய சிறுவனுக்கு 1982இல் 40 வயது. முதல் பெரிய விலையேற்றம் வந்தது அந்தப் பத்தாண்டில். 1999இல் 8 வயதில் சாரிசார்டுக்காக ஏங்கிய பிள்ளைக்கு 2020இல் 29 வயது. ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது அந்தத் தலைமுறை தன் பால்யத்தைத் திரும்ப வாங்கத் தொடங்கியது. 2021 மார்ச்சில் வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ பெரும்பாலான சேவைகளை நிறுத்தியது. மே மாதம் விஸ்கான்சினில் ஒரு கடை வாசலில் கார்டுக்காக அடிதடி நடந்த பிறகு டார்கெட் நிறுவனம் தன் கடைகளில் கார்டு விற்பனையையே சில காலம் நிறுத்திவைத்தது.

அந்த வேகம் நிலைக்கவில்லை. 1986 ஃபிளீர் வரிசையின் மைக்கேல் ஜோர்டான் கார்டு, பிஎஸ்ஏ 10 தரத்தில், 2021 ஜனவரியில் 7,38,000 டாலரைத் தொட்டது. அதே ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கார்டு மாறவில்லை, ஜோர்டானின் புகழும் குறையவில்லை. அந்தத் தரத்தில் முன்னூறுக்கும் மேல் இருக்கின்றன. விலை உச்சிக்குப் போனதும் பெட்டகத்தில் கிடந்தவை விற்பனைக்கு வந்தன.

ஆனாலும் அந்த 1986 வரிசையின் தொடக்கம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். எண்பதுகளின் தொடக்கத்தில் டாப்ஸ் கூடைப்பந்துக் கார்டுகளையே நிறுத்திவிட்டது, வாங்க ஆளில்லை என்பதால். ஃபிளீர் 132 கார்டுகளோடு வந்தபோதும் கடைகளில் பேக்குகள் தூங்கின. போகிமானிலும் இதே கதை உண்டு. 1999இன் மோகம் வடிந்த பிறகு, 2003 மே மாதம் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் ‘ஸ்கைரிட்ஜ்’ என்ற வரிசையை வெளியிட்டுவிட்டு போகிமான் உரிமத்தை இழந்தது. அப்போது அதைச் சீந்துவாரில்லை. இன்று அந்த வரிசையின் கிரிஸ்டல் சாரிசார்டைத் தேடிப் பிடிக்க ஆயிரக்கணக்கான டாலர் வேண்டும். 2004இலிருந்து 2007 வரை வந்த கோல்டு ஸ்டார் கார்டுகளும் அப்படித்தான். மோகம் இறங்கிய ஆண்டுகளில் குறைவாக அச்சாகி, விளையாடித் தேய்ந்து, கவனிப்பாரின்றிப் போனவையே பின்னால் ஏறுகின்றன.

நிறுவனங்களும் இதைப் புரிந்துகொண்டு அரிய தன்மையை அச்சகத்திலேயே தயாரிக்கின்றன. ஒரே வீரரின் ஒரே படத்தைப் பத்து நிறங்களில் அச்சிட்டு, ஒன்றில் 99இல் ஒன்று, இன்னொன்றில் 10இல் ஒன்று, கடைசியில் ஒன்றே ஒன்று என்று எண் போடுகிறார்கள். ஆண்டுக்கு எத்தனையோ வரிசைகளில் எத்தனையோ ‘ஒன்றே ஒன்று’ வரும்போது அந்தச் சொல்லின் எடை குறைகிறது. விதிவிலக்கு, நிகழ்வே ஒருமுறைதான் நடக்கும் இடம். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி வீரர் பால் ஸ்கீன்ஸ் தன் முதல் ஆட்டத்தில் அணிந்த சட்டையின் துண்டு பதித்த கார்டு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 11 வயதுச் சிறுவனின் பேக்கில் கிடைத்தது. கார்டைக் கொடுத்தால் 30 ஆண்டுக்கு ஆட்ட அனுமதிச் சீட்டு தருவதாக அணி சொன்னது. குடும்பம் ஏலத்துக்கு விட்டது. 2025 மார்ச்சில் 11 லட்சம் டாலருக்கு மேல் போனது.

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு விளையாட்டில் நடந்தது இன்னும் சுவையானது. 1993இல் வந்த முதல் அச்சான ‘ஆல்ஃபா’வில் ஒவ்வோர் அரிய கார்டும் ஏறத்தாழ 1,100 பிரதிகள்தான். பிளாக் லோட்டஸ் அவற்றில் ஒன்று. 1995இல் அதை வெளியிட்ட நிறுவனம் பழைய கார்டுகளை மறு அச்சுப் போட, சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே ‘இந்தப் பட்டியலில் உள்ளவற்றை இனி அச்சிட மாட்டோம்’ என்று நிறுவனம் வாக்குக் கொடுத்தது. பிளாக் லோட்டஸின் விலை அந்த வாக்கின் மேல் நிற்கிறது. 2022இல் நான்கு பேக் 999 டாலர் என்று ஒரு நினைவுப் பதிப்பு வந்தபோது, அதில் பிளாக் லோட்டஸும் இருந்தது. பின்பக்கம் வேறு, போட்டிகளில் பயன்படுத்தவும் முடியாது. வாக்கை மீறவில்லை என்றது நிறுவனம். வாங்கியவர்கள் எல்லோரும் அப்படிப் பார்க்கவில்லை.

பணம் சேரும் இடத்தில் மோசடியும் சேரும். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டியோடு வந்த, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு ஒன்றை 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பிஎஸ்ஏ முதன்முதலாகத் தரமிட்ட கார்டே அதுதான். 8 என்ற தரம் கிடைத்தது. அதன் ஓரத்தைத் தானே வெட்டிச் சீராக்கியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். ஏல மோசடி வழக்கில் சிறைக்கும் போனார். யூடியூப் பிரபலம் லோகன் பால் 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய போகிமான் பெட்டியை 2022இல் திறந்தபோது உள்ளே இருந்தவை வேறு கார்டுகள். அண்மையில் போகிமானின் தொடக்ககால மாதிரி கார்டுகள் என்று சான்று பெற்ற சிலவற்றில், பிரின்டர்கள் மறைவாகப் பதிக்கும் மஞ்சள் புள்ளிகள் 2024ஆம் ஆண்டைக் காட்டின. சான்றிதழ் அவசியம்தான், அதோடு விசாரணை முடிந்துவிடாது.

விற்கும்போது கழியும் தொகையையும் பலர் கணக்கிடுவதில்லை. 100 டாலர் கார்டை இபேயில் விற்றால் ஏறத்தாழ 13 டாலர் கட்டணம். தரமதிப்பீட்டுக்கும் கட்டணம் உண்டு. அஞ்சல், காப்பீடு தனி. அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றாலும் சேகரிப்புப் பொருள் ஆதாயத்துக்கு 28 சதவீதம் வரை வரி வரலாம். பேக் வாங்கிப் பிரிப்பது இன்னும் மோசம்: சராசரியாக உள்ளே வரும் கார்டுகளின் மதிப்பு பேக் விலையைவிடக் குறைவு. மகிழ்ச்சிக்காகப் பிரிக்கலாம், பிள்ளையோடு உட்கார்ந்து பிரிப்பது நல்ல பொழுது. முதலீடு என்று மட்டும் அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

நான் கவனிக்கும் இடம் ஒன்று இருக்கிறது: பெண்கள் விளையாட்டின் பழைய கார்டுகள். கூடைப்பந்து வீராங்கனை கெய்ட்லின் கிளார்க்கின் கார்டு ஒன்று 2025 ஜூலையில் 6,60,000 டாலருக்குப் போனது. அவருக்கு முன் ஆடியவர்களின் கார்டுகள் வெளியானபோது வாங்கியவர்கள் குறைவு, பத்திரப்படுத்தியவர்கள் அதனினும் குறைவு. அவர்களைப் பார்த்து வளர்ந்த பெண்கள் இப்போது சம்பாதிக்கிறார்கள். ஏறும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் மேலே சொன்ன எல்லாக் காரணங்களும் ஒன்றுகூடும் இடம் அது.

வீட்டில் ஏற்கெனவே பழைய போகிமான் கார்டு வைத்திருப்பவர்களுக்கு: துடைக்காதீர்கள், ஓரத்தை நேராக்காதீர்கள், பிவிசி உறையில் போடாதீர்கள். விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். 1999 கார்டு என்றால் படத்தின் கீழே இடப்பக்கம் ‘1’ என்ற எண் கொண்ட சிறிய கறுப்பு முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். அது முதல் பதிப்பின் அடையாளம். முத்திரை இல்லாமல், படச்சட்டத்தின் வலது ஓரத்தில் நிழல்கோடும் இருந்தால் அது பின்னர் பெருமளவில் அச்சான பதிப்பு. மிக நல்ல நிலையில் இல்லாவிட்டால், தரமதிப்பீட்டுக்கு அனுப்பும் செலவுகூடத் திரும்பி வராது.