பால்மரத்திலிருந்து சிமெண்டுச் சூளை வரை: பழைய டயரின் கடைசிப் பயணம்

கடைசியாக உங்கள் காருக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ டயர் மாற்றியபோது, பழைய டயர் எங்கே போகும் என்று கேட்டீர்களா? பெரும்பாலோர் கேட்பதில்லை. கடைக்காரர் அதைப் பின்பக்கம் உருட்டிவிடுவார். நாம் ரசீதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

வானொலியில் டிங்கி பற்றிப் பேசும்போதெல்லாம் பூச்சட்டி, வாளி, குளிர்பெட்டியின் அடித்தட்டு என்று நானும் பட்டியல் சொல்வதுண்டு. கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனால் அந்தப் பட்டியலின் முதல் வரி வேறாகத் தெரிகிறது. ஆள் குடியிருக்காத லயங்களின் பின்னால் டிராக்டர் டயர், லோரி டயர், கார் டயர் எல்லாம் கிடக்கின்றன. டயரை எப்படிப் போட்டாலும் அதன் வயிற்றில் மழைநீர் தங்கும். ஏடிஸ் கொசுவின் முட்டை அங்கே ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடிருக்கும். நாட்டில் டிங்கி அதிகமாகப் பதிவாகும் மாநிலங்களில் சிலாங்கூர் முன்வரிசையில் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதைத்தாலும் ஆபத்து, எரித்தாலும் ஆபத்து

டயரைக் குப்பைமேட்டில் புதைத்தால், உள்ளே வாயு சேர்ந்து மெல்ல மேலே எழும்பி வந்துவிடும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் முழு டயர்களைப் புதைப்பதை 2003லும், துண்டாக்கிய டயர்களைப் புதைப்பதை 2006லும் தடை செய்தது. திறந்தவெளியில் எரிப்பது இன்னும் மோசம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஹேயோப் என்ற இடத்தில் 1989இல் டயர்க் குவியலில் பிடித்த தீ, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தது. நம் நாட்டிலும் திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம்.

சூளைக்குள் என்ன நடக்கிறது?

அப்படியானால் சிமெண்டு ஆலையில் எரிப்பது மட்டும் எப்படிச் சரியாகும்? வெப்பநிலைதான் காரணம். தோட்டத்து மூலையில் எரியும் டயர் பாதி வெந்து கரும்புகை கக்குகிறது. சிமெண்டுச் சூளையின் சுடர் சுமார் 2,000 டிகிரி செல்சியஸ். உள்ளே உருளும் சுண்ணாம்புக்கல் கலவை 1,450 டிகிரி வரை சூடாகிறது. அந்தச் சூட்டில் போதிய நேரம் இருந்தால் ரப்பர் முழுமையாக எரிந்துவிடும். டயரிலுள்ள கந்தகத்தின் பெரும்பகுதியைச் சுண்ணாம்பே பிடித்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் எஃகுக் கம்பியும் வீணாவதில்லை. சிமெண்டுக்கு வேண்டிய இரும்புச் சத்தாகக் கலவையில் சேர்ந்துவிடுகிறது. தனியாக அள்ளிக் கொட்டச் சாம்பல் கிடையாது.

ஒரு கிலோ டயர் சுமார் 30 மெகாஜூல் வெப்பம் தரும். நல்ல நிலக்கரிக்கு இது சளைத்ததல்ல. ஒரு டன் கிளிங்கர், அதாவது சிமெண்டின் மூலக்கட்டி, தயாரிக்க ஏறத்தாழ 3,400 மெகாஜூல் தேவை. மொத்த வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கை டயரிலிருந்து எடுத்தால், டன்னுக்கு மூன்று கார் டயர் போதும்.

துண்டாக்குவதற்கும் காரணம் உண்டு. முழு டயரைப் போட்டால் சூடு ஏறி இறங்கும். கார்பன் மோனாக்சைடு திடீரென்று எகிறும். துண்டுகளை அளந்து சீராகப் போடலாம். லோரியிலும் காற்றை ஏற்றிக்கொண்டு போகவேண்டியதில்லை. முக்கியமாக, துண்டில் குடம்போலத் தண்ணீர் தங்காது.

நமக்கு அந்நியமான கதை அல்ல

வட சிலாங்கூருக்கு இந்தக் கதை புதிதல்ல. பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ரவாங் சிமெண்டு ஆலை போன்றவை இன்று இறக்குமதி நிலக்கரியை நம்பியிருக்கின்றன. நிலக்கரிக்குப் பதிலாகச் செம்பனைக் கொட்டை ஓட்டை எரிக்கும் திட்டத்தை நம் நாட்டு சிமெண்டுத் தொழில் 2000களிலேயே தொடங்கிவிட்டது. தோட்டத்துக் கழிவு சூளைக்குப் போவது நாம் ஏற்கெனவே கண்ட வழிதான்.

இதில் எனக்கு இன்னொரு ஒட்டுதலும் உண்டு. என் பாட்டி பால்வெட்டுக்குப் போனவர். லோரி டயரில் கணிசமான பங்கு இயற்கை ரப்பர்தான். அந்த மரங்கள் காற்றிலிருந்து இழுத்த கரியே அது என்பதால், அதை எரிப்பதில் வெளியாகும் கரிவாயுவின் ஒரு பகுதி நிலக்கரியைப்போல மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுத்ததல்ல.

ஆனாலும் இதை முழுப் பசுமை என்று சொல்லிவிட முடியாது. சிமெண்டு ஆலையின் கரிவாயுவில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. எந்த எரிபொருளை மாற்றினாலும் அது குறையாது. புகைபோக்கியை ஒழுங்காகக் கண்காணிக்காவிட்டால் சுற்றுவட்டார மக்களின் அச்சம் நியாயமானதே. தூய காற்று விதிமுறைகள் 2014 இருப்பது அதற்காகத்தான். அளவீடுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைப்பதும் அவசியம். ரீட்ரெட் செய்து மறுபடி ஓட்டக்கூடிய லோரி டயரை எரிப்பதும் வீண்செலவு. ஓட்டவும் முடியாது, வேறு எதற்கும் ஆகாது என்ற டயருக்குத்தான் சூளை.

எல்லாவற்றுக்கும் முன்னால் டயர் ஓரிடத்தில் சேரவேண்டும். சிக்கலே அங்கேதான். இந்தியா 2022இல் கொண்டுவந்த விதியின்படி, டயர் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய டயரின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். இங்கே, லயத்துக்குப் பின்னால் கிடக்கும் டயரை யார் செலவில் யார் ஏற்றிப்போவது என்பதை நிர்வாகம், நகராண்மைக் கழகம், டயர் கடைக்காரர் மூவரும் உட்கார்ந்து பேசியாகவேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது சிறியதுதான். அடுத்த கோத்தோங் ரோயோங்கில் டயர்களைக் கூரைக்கடியில் கொண்டுபோய் அடுக்குங்கள். முடியாவிட்டால் அடிப்பக்கத்தில் நாலு ஓட்டை போடுங்கள். அடுத்த முறை டயர் மாற்றும்போது, பழையது எங்கே போகும் என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.