அமராதேவியின் ஓலை



ஜாதகக் கதைகளுள் மிகவும் நீண்டவற்றுள் ஒன்று உம்மக்க ஜாதகம். பாளித் தொகுப்பில் 546 ஆவதாக உள்ள அக்கதை, 14 ஆம் நூற்றாண்டில், குருநாகல் அரசர் காலத்திலே சிங்களத்தில் எழுதப்பெற்ற ஜாதக நூலிலும் இடம்பெற்று, நம் நாட்டில் இன்றளவும் விரும்பிப் படிக்கப்பட்டு வருகின்றது. மிதிலை மன்னன் விதேகனின் இளம் அமைச்சனாகிய மகோசதனே அதன் நாயகன். அவனுடைய மதிநுட்பத்தைப் புகழாதார் இல்லை. யான் இன்று பேச விரும்புவது அவன் மனைவி அமராவைப் பற்றியாகும்.

இருவரும் முதன்முதற் சந்தித்தது வழியிலே. உழுதுகொண்டிருந்த தந்தைக்குக் கஞ்சி கொண்டு சென்றாள் அவள். அவன் கையை மூடிக் காட்டினான். மணமானவளா என்பது வினா. அவள் கையை விரித்துக் காட்டினாள். இல்லை என்பது விடை. இத்தகைய சாதுரியத்தை நாம் ரசிக்கிறோம். எனினும் இது விளையாட்டே. உண்மைச் சோதனை மணமான பின்னரே வந்தது.

சேனகன் முதலாய நான்கு முதிய பண்டிதர்கள் மகோசதன்மீது பொறாமை கொண்டனர். அரசனின் முடிமணி, பொன்மாலை, கம்பளம், பொற்பாதுகை ஆகியவற்றை ஆளுக்கொன்றாகக் கவர்ந்து, மகோசதன் வீட்டுக்கு இரகசியமாக அனுப்பிவைத்தனர். முடிமணியைப் பானையொன்றில் மறைத்து, பண்டம் விற்பவள்போல் வந்தாள் சேனகனின் பணிப்பெண். அவள் வேறு வீடுகளுக்குச் செல்லாது தம் வாயிலையே சுற்றுவதை அமரா கவனித்தாள். தன் ஏவலரை விலகியிருக்கும்படி சைகை காட்டிவிட்டு, பின்பு அவர்களை அழைத்து வருமாறு அப்பெண்ணையே உள்ளே அனுப்பினாள். அந்த இடைவேளையிற் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தாள், மணி அகப்பட்டது.

அவள் கூச்சலிடவில்லை. திரும்பி வந்தவளிடம், யாருடைய பணிப்பெண், பெயர் என்ன, தாயின் பெயர் என்ன என்று இயல்பாக விசாரித்து, பானையை வாங்கிக்கொண்டாள். அவள் போனபின் ஓர் ஓலை எடுத்து, இன்ன மாதம், இன்ன நாள், இன்னார் மூலம் சேனகர் அனுப்பியது என எழுதிவைத்தாள். ஏனைய மூன்று பொருள்களுக்கும் அவ்வாறே. பள்ளிக்கூட அலுவலகத்திற் காலங்கழித்த எனக்கு, கதை முழுவதிலும் மிகப் பிடித்த இடம் இந்த ஓலைதான்.

கணவன் பழிக்கு ஆளாகி ஊரைவிட்டு ஓடிக் குயவனாய் வாழ்ந்த நாள்களில், அந்நால்வரும் அவளையே அடைய எண்ணித் தூது விட்டனர். ஒவ்வொருவரையும் வெவ்வேறு வேளைக்கு வரச்செய்து பிடித்து, தலையை மழிப்பித்து, அரசவைக்குக் கொண்டு சென்றாள். பொருள்களை ஒவ்வொன்றாக வைத்து, ஓலையிலுள்ளவாறே நாளும் பெயரும் கூறினாள்.

மன்னன் செய்தது யாது? வேறு மந்திரிமார் இல்லாமையால், குளித்துவிட்டு வீடு செல்லுங்கள் என்று அவர்களை விட்டுவிட்டான்! என் மாணவியர் இவ்விடத்திற் சினங்கொள்வர். அச்சினம் கள்வர் மீதன்று, மன்னன் மீதே. ஓலை இருந்தும் தண்டனை இல்லையா, ஐயா, என்று ஒருத்தி கேட்டாள். இல்லை, மகளே, என்றுதான் சொல்ல முடிந்தது.

ஆயினும், கி.மு. 2 ஆம் நூற்றாண்டிலே பர்ஹுத் தூபியின் வேலியைச் செதுக்கிய சிற்பி, இந்த நெடுங்கதையிலிருந்து அரசவைக் காட்சியையே தேர்ந்தெடுத்தான். மன்னன் வீற்றிருக்க, கூடைகளிலிருந்து பண்டிதர்களின் தலைகள் வெளியே தெரிகின்றன. அவன் முன்னே அமரா நிற்கின்றாள்.