வாவிக்கரையில் ஒரு நாள்: பெண்களும் பார்க்க வேண்டாமா?



"விடுமுறைக்கு எல்லோருமாக எங்கேயாவது போய் வருவோம்" என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் யாருக்கு வேலை தொடங்குகிறது? உம்மாவுக்கும் மூத்த மகளுக்கும்தான். சுபஹுக்கு முன்பே எழுந்து சோறாக்கி, கறி காய்ச்சி, பிள்ளைகளின் மாற்றுடுப்பு மடித்து வேனில் ஏற வேண்டும். போன இடத்திலும் பாய் விரிப்பதும் பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும் அவர்கள்தாம். அந்த வேலை முடியும்போது, "நேரமாகிவிட்டது, ஏறுங்கள்" என்று வாப்பா குரல் கொடுப்பார். இதில் உம்மா பார்த்தது என்ன?

ஒரு பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட்டுக் காட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தமக்குப் பின்னால் நிறுத்தி, தமது மேலாடையால் மறைத்துக்கொண்டு அதைப் பார்க்கச் செய்தார்கள். போதும் என்று அன்னையவர்களே விலகும்வரை நபியவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இந்தச் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. மனைவியைப் பார்க்க அழைத்துச் சென்றதோடு நில்லாமல், அவர் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்ததையும் நம் ஆண்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பொறுமையோடு மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு நாளை எப்படிக் கழிக்கலாம் என்று பார்ப்போம்.

காலையில் படுவான்கரை

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் நிறைந்த நிலம் படுவான்கரை. வெல்லாவெளி படுவான்கரையில் உள்ளது. களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து போரதீவு வழியாகப் போகலாம். நெல்லும் மாடும் வாங்க நம் ஆண்கள் பலகாலம் போய்வந்த பகுதி இது. நம் பெண்களில் அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இங்கே கட்டணம் கொடுத்து நுழையும் பூங்கா எதுவும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வயல், நடுநடுவே கரும்பாறைகள், நவகிரிக் குளத்தின் நீர், வரப்பில் நிற்கும் கொக்குகள். சோறு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் சிறந்த இடம் வேண்டாம். மாரிப் போக வேளாண்மை வெட்டும் மாசி, பங்குனியில் போனால் சூடடிப்பையும் காணலாம். வழியில் சட்டித் தயிர் வாங்கிக்கொண்டால் பகல் சாப்பாட்டுக்கு ஒரு கறி குறையும்.

ஓர் எச்சரிக்கை. இப்பகுதியில் காட்டு யானைகளின் நடமாட்டம் உண்டு. பொழுது சாயும் வேளையில் அவை வயலோரங்களுக்கும் வீதிகளுக்கும் வரும். ஆகவே படுவான்கரையைக் காலையிலேயே பார்த்துவிட்டு, பகலோடு பாலம் கடந்துவிடுங்கள். யானையால் வீட்டையும் பயிரையும் உறவினரையும் இழந்த மக்கள் அங்கே வாழ்கிறார்கள். "யானை எங்கே பார்க்கலாம்?" என்று அவர்களிடம் வேடிக்கையாகக் கேட்க வேண்டாம்.

அங்குள்ள தமிழ்ப் பெண்களோடு நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். தாய்வழியாகக் குடி பார்ப்பதும், மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்வதும் கிழக்கிலே அவர்களுக்கும் நமக்கும் பொதுவான வழக்கம். பேச்சுக்கு அது ஒன்றே போதுமே!

பகலில் காத்தான்குடி

திரும்பி வந்து கடலோர வீதியில் வடக்கே போனால் காத்தான்குடி. பிரதான வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைக் கண்டதும் பிள்ளைகள் குதூகலிப்பார்கள். லுஹரையும் பகல் உணவையும் இங்கே வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு நாள் பயணம் இரண்டு மர்ஹலா தூரத்தை எட்டாது. ஆகவே கஸ்ரு, ஜம்உச் சலுகையை எண்ணித் தொழுகையைத் தள்ளிப் போடாதீர்கள். பெண்களுக்குத் தொழும் இடமும் வுளூச் செய்யும் வசதியும் எங்கே உண்டு என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்து வைப்பது ஆண்களின் பொறுப்பு.

2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட முஸ்லிம் மரபுரிமை நூதனசாலை இவ்வூரில் உள்ளது. பழைய வீட்டுச் சாமான்களுக்கு முன்னால் மூத்தம்மாவை நிறுத்தி, "இது எதற்கு?" என்று பேரப்பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள். அன்றைய பயணத்தில் விளக்கம் சொல்பவர் அவராகவே இருக்கட்டும்.

இவ்வூரில்தான் 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவு, இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது நடந்த தாக்குதலில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு அருகே சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். பெரிய பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் பிள்ளையின் மனத்தில் பகைதான் வளரும்.

மாலையில் கல்லடி

அஸர் தொழுதபின் கல்லடிப் பாலம். ஆங்கிலேயர் காலத்துத் தேசாதிபதி மெனிங்கின் மனைவியின் பெயரால் லேடி மெனிங் பாலம் என்று அழைக்கப்பட்டது இது. பக்கத்தில் புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. மட்டக்களப்பை "மீன் பாடும் தேனாடு" என்பார்களே, அந்த இசை கேட்கும் இடம் இதுதான். நிலவு காயும் இரவில், தோணியின் துடுப்பை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் நரம்பை மீட்டுவது போன்ற ஓசை கேட்கும் என்பார்கள். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி அதைக் கேட்டு எழுதி வைத்துள்ளார். ஊரி போன்ற சிப்பி வகையே அந்த ஓசையை எழுப்புகிறது என்று சொல்வோரும் உண்டு.

நகருக்குள் புளியந்தீவில், போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய கோட்டை இருக்கிறது. பாலமீன்மடுவில் 1913இல் எழுந்த வெளிச்சவீடு வாவியும் கடலும் கூடும் முகத்துவாரத்துக்கு அருகே நிற்கிறது. அங்கே தோணியில் ஏறினால் உயிர்காப்பு அங்கியைப் பெரியவர்களும் அணிய வேண்டும்.

கடலில் கவனம்

கல்லடிக் கடல் காற்று வாங்கவும் மணலில் விளையாடவும் நல்லது. ஆனால் அது திறந்த கடல். 2004 டிசம்பர் 26இல் சுனாமி கல்லடி, நாவலடிப் பகுதிகளைச் சூறையாடியதை மறக்க முடியுமா? பிள்ளைகள் நீரில் இறங்க ஆசைப்பட்டால் வேறொரு நாளை ஒதுக்கி, வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாசிக்குடாவுக்குப் போங்கள். அங்கே ஆழம் குறைவு. வெகுதூரம் நடந்து போகலாம். பக்கத்தில் ஓட்டமாவடி இருப்பதால் தொழுகைக்கும் ஹலால் உணவுக்கும் சிரமமில்லை. சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் காவலர் உள்ள கடற்கரைகளில், சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளை நாட்டி, அவற்றுக்கு நடுவே மட்டும் குளிக்கச் சொல்கிறார்கள். நம் கரைகளில் எல்லா இடத்திலும் அப்படிக் காவல் இல்லை. ஆகவே நாமே காவலராக வேண்டும். இருபுறமும் அலை உடைய, நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். அது உள்ளிழுக்கும் நீரோட்டமாக இருக்கலாம். அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். பிள்ளைகள் நீரில் நிற்கும்போது பெரியவர் ஒருவர் கைத்தொலைபேசியை வைத்துவிட்டு அவர்களையே பார்த்திருக்க வேண்டும். அதை வாப்பாவும் காக்காமாரும் முறைவைத்துச் செய்யட்டும்.

புறப்படுமுன் ஒரு பேச்சு

சகோதரிகளே, முதல்நாள் இரவே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ஒரு சோறும் ஒரு சம்பலும் போதும், அல்லது கடையில் வாங்கலாம். பாய் விரிப்பதும் சாமான் ஏற்றுவதும் ஆண்பிள்ளைகளுக்கு. சின்னப் பிள்ளையை ஒரு மணி நேரம் வாப்பா வைத்திருக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் வாவிக்கரையில் சும்மா உட்கார்ந்து, அல்லாஹ்வின் படைப்பைக் கண்ணாரப் பாருங்கள். எழும்பலாம் என்று நீங்கள் சொல்லும்வரை வேன் காத்திருக்கட்டும்.