ஆபீஸ் நேரத்தில் ரீல்ஸ் பார்ப்பது குற்றமா? கோர்ட் சொன்னதும் சட்டம் சொல்வதும்

ஒரு கை கீபோர்டில், இன்னொரு கை இன்ஸ்டாவில். பல ஆபீஸ்களில் இதுதான் காட்சி. அரசு ஊழியர்கள் விஷயத்தில் இது 2022-லேயே நீதிமன்றம் வரை போய்விட்டது.

வழக்கு என்ன?

வேலை நேரத்தில் சக ஊழியர்களை வீடியோ எடுத்ததாகச் சுகாதாரத் துறை ஊழியர் ஒருவர் சஸ்பெண்ட் ஆனார். அந்த வழக்கில், 2022 மார்ச்சில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம், அலுவலக நேரத்தில் சொந்தத் தேவைக்குச் செல்போன் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த விதிமுறை கொண்டுவரும்படி அரசுக்கு உத்தரவிட்டார். அவசர அழைப்பு வந்தால், மேலதிகாரியிடம் அனுமதி பெற்று வெளியே போய்ப் பேசலாம் என்பதும் அதில் இருந்தது.

மக்களுக்கு ஏன் கோபம்?

வடகவுஞ்சி மாதிரியான ஒரு மலைக் கிராமத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கையெழுத்துக்காகக் கொடைக்கானல் தாலுகா ஆபீஸ் போய்வர, ஒருவருக்கு அன்றைய கூலி போய்விடும். போனில் மூழ்கியிருப்பவரின் அரை மணி நேரம், வெளியே நிற்பவருக்குக் கடைசி பஸ்ஸாகவும் இருக்கலாம்.

ஆனால் வேலையே போனில்தானே?

அதுதான் சிக்கல். அங்கன்வாடிப் பணியாளர்கள் 'போஷன் டிராக்கர்' செயலியில் பதிவு செய்ய வேண்டும். 100 நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் வருகைப்பதிவே போன் செயலிக்கு மாறியது. மேலதிகாரியின் உத்தரவு வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. இப்படி இருக்கும்போது, 'போனை உள்ளே வை' என்று மட்டும் சொன்னால் போதாது.

தனியார் கம்பெனியில்?

ருமேனியாவில் ஒரு ஊழியர், கம்பெனி வேலைக்காகத் தொடங்கிய யாஹூ மெசெஞ்சரில் சகோதரனோடும் வருங்கால மனைவியோடும் பேசியதால், 2007-ல் வேலை இழந்தார். 2017 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 11-க்கு 6 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தடை விதிக்கலாம், ஆனால் எந்த அளவு கண்காணிக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லாமல் அந்தரங்க உரையாடலைப் படிப்பது சிக்கல் என்பதே அதன் சாரம்.

இந்தியாவில், 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. ஆனால் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு தொடர்பான தேவைகளுக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் ஒப்புதல் இல்லாமலே ஊழியரின் தரவைப் பயன்படுத்த இடம் தருகிறது.

கொஞ்சம் பார்த்தால் வேலை கெடுமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் பிரென்ட் கோக்கர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், வேலை நேரத்தில் 20 சதவீதத்துக்குள் நெட் பார்த்தவர்களின் செயல்திறன், பார்க்காதவர்களைவிடச் சுமார் 9 சதவீதம் அதிகம். எல்லை தாண்டினால் கதை வேறு.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• ஆஃபர் லெட்டரோடு வரும் ஐ.டி. பாலிசியைப் படியுங்கள். கண்காணிப்பு பற்றி அதில்தான் இருக்கும்.

• ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த வாட்ஸ்அப், பேங்க் கணக்கைத் திறக்காதீர்கள்.

• சக ஊழியரைக் கேட்காமல் வீடியோ எடுக்கவே வேண்டாம்.

• உங்களை நம்பி யாராவது காத்திருக்கும்போது போன் கீழே இருக்கட்டும்.

மேலாளர்களுக்கும் ஒன்று: இரவு பத்து மணிக்கு வேலை மெசேஜ் அனுப்பிவிட்டு, பகலில் ஐந்து நிமிட ஸ்க்ரோலுக்குக் கணக்குக் கேட்டால் எடுபடாது. விதி இரண்டு பக்கமும் இருந்தால்தான் அது விதி.