எச்சரிக்கை விளக்கு உரைப்பதும் உரையாததும்

புகையைக் கண்டவிடத்து நெருப்பு உண்டெனத் துணிதல் தருக்க நூலார்க்கு உடன்பாடு. ஆயின், புகை இல்லாதவிடத்து நெருப்பும் இல்லையெனத் துணிதல் பிழையாகும் என்பதையும் அவர்களே எடுத்துக்காட்டியுள்ளனர். பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஏட்டளவில் எளிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, பழைய மோட்டார்க் கார் ஒன்றைச் செலுத்துவோனுக்கு உயிரைப் பற்றிய கேள்வியாகின்றது. காரின் முகப்புப் பலகையில் ஒளிரும் காற்றுப்பை எச்சரிக்கை விளக்கே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த புகை.

திருகோணமலை நகரை அடுத்த அன்புவழிபுரத்தில் ஓடும் கார்களுட் பல, யப்பானிற் சில ஆண்டுகள் பயன்பட்டபின் இந்நாட்டிற்கு வந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் முதுமையடைந்த கார்களையே மக்கள் பேணி ஓட்டவேண்டியதாயிற்று. துறைமுகத்தை அணித்தேயுடைய இப்பகுதியிற் கடற்காற்று உப்பைச் சுமந்து வருகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று ஈரத்தைத் தருகின்றது. ஆண்டின் நடுப்பகுதியில் வெயில் கடுமையாகக் காய்கின்றது. உப்பும் ஈரமும் வெப்பமும் மின்னிணைப்புகளுக்குப் பகை. ஆதலின் இவ்விளக்கைப் பற்றிய அறிவு இங்கு வாழ்வோர்க்குப் பெரிதும் வேண்டப்படுவதாகும்.

முதலில் அக்கருவியின் இயல்பை நோக்குவோம். கார் வலிந்து மோதும்போது அதன் வேகம் திடீரெனக் குறைவதை உணரிகள் அறிந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கின்றன. அப்பெட்டி சுக்கான் வளையத்தின் நடுவிலுள்ள வாயுவாக்கிக்கு மின்னோட்டத்தைச் செலுத்துகின்றது. அங்குள்ள சிறு மின்திரி பற்றி, இரசாயனப் பொருள் எரிந்து, எழும் வாயு பையை நிரப்புகின்றது. பை விரிதற்கு ஏறத்தாழ ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கே செல்லும். கண்ணிமைப் பொழுதினும் அது குறைவு. இத்தகைய கருவிக்கு அமெரிக்கரான யோன் ஹெற்றிக் 1953இல் உரிமைப்பட்டயம் பெற்றார். எனினும் அது நம்பத்தக்க முறையிற் கார்களில் இடம்பெறப் பல ஆண்டுகள் சென்றன. யப்பானியக் கார்களுள் 1987இல் ஹொண்டா லெஜன்ட் முதன்முதலாக அதனைக் கொண்டது. இக்கருவி ஆசனப் பட்டிக்குத் துணையேயன்றி மாற்றன்று என்பதும் நினைவிருத்தற்குரியது.

ஆண்டுக்கணக்கில் வாளாவிருந்து ஒரு கணத்திற் செயற்படவேண்டிய கருவியாதலின், அதனை இயக்கிப் பார்த்துச் சோதித்தல் இயலாது. எனவே கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு முறையும் தன் மின்சுற்றுகளைத் தானே சோதிக்கின்றது. திறப்பைத் திருப்பியவுடன் விளக்கு ஏறத்தாழ ஆறு விநாடி ஒளிர்ந்து அணைதல் நலமுள்ள காரின் இலக்கணமாம். அணையாது நிற்பின், அல்லது ஓடும்போது மீண்டும் ஒளிரின், சுற்றில் எங்கோ குறையுண்டு. அவ்வேளையில் மோதல் நேரின் பை விரியும் என்பதற்கு உறுதியில்லை. திறப்பைத் திருப்பியும் விளக்கு ஒளிராதாயின் அது மிகுந்த ஐயத்திற்குரியது; குமிழ் எரிந்துபோயிருக்கலாம், அன்றி எவரேனும் வேண்டுமென்றே அதனை அகற்றியிருக்கலாம். பழைய கார் வாங்குவோர் முதலிற் காணவேண்டுவது இவ்வாறு விநாடியையே.

குறையின் இடத்தை அறிதற்கு விளக்கு எப்பொழுது ஒளிர்கின்றது என்பதைக் கவனித்தல் முதற்படி. கார் தொடங்குதற்கு இடர்ப்படும் நாளில் ஒளிர்ந்து, பின் தானே அணையின், பற்றரியின் வலுக்குறைவே காரணமாகலாம். ஆசனத்தை முன்பின் நகர்த்தியபின் ஒளிரின், ஆசனத்தின் கீழுள்ள இணைப்பான்களை ஐயுறுதல் வேண்டும். பக்கக் காற்றுப்பைக்கும் ஆசனப் பட்டியை இறுக்கும் கருவிக்கும் உரிய கம்பிகள் பல கார்களில் அவ்வழியே செல்கின்றன. அங்கே பொருள்களைத் திணித்தலாலும் மழைநீர் தேங்குதலாலும் இணைப்பான்கள் தளர்கின்றன. அவற்றின் ஊசிகளிற் பச்சைக் களிம்பு படிகின்றது. சுக்கானைத் திருப்பும்போது விளக்கு ஒளிர்ந்து, அதனோடு ஹோர்னும் ஒலிக்காதொழியின், குறை சுருள்நாடாவில் இருத்தல் கூடும். சுழலும் வளையத்திற்கும் சுழலாத தண்டிற்கும் இடையே மின்னைக் கொண்டுசெல்லும் மெல்லிய நாடா அது. ஆயிரக்கணக்கான முறை சுருண்டும் விரிந்தும் ஈற்றில் அது அறுந்துபோதல் பழைய கார்களிற் பெரும்பான்மையாகக் காணப்படும் குறையாகும்.

இவ்வாறு கருதியறிந்ததைப் பெட்டியின் நினைவகத்திற் பதிந்துள்ள குறியீடு கொண்டு உறுதிப்படுத்தல் அடுத்த படி. இக்காலக் கராஜ்களில் ஸ்கானர் கருவியால் அதனைப் படிப்பர். ஆயினும் எல்லா ஸ்கானர்களும் காற்றுப்பைப் பெட்டியோடு உரையாடவல்லன அல்ல. இயந்திரத்தின் குறிகளை மட்டும் படித்து, குறையில்லை எனக் கூறுவனவும் உள. பழைய ரொயோட்டாக் கார்கள் பலவற்றில், சோதனைத் துளைகளுள் உரிய இரண்டைக் கம்பியால் இணைப்பின், விளக்கே கண்சிமிட்டிக் குறியீட்டை எண்ணிக் காட்டும். முதலிற் பத்தின் எண், சிறிது இடைவெளி, பின் ஒன்றின் எண் என்பது அதன் முறை. ஒரு சிமிட்டலின் பின் நான்கு சிமிட்டல் வரின் அது 14; சாரதியின் பைச்சுற்று அறுந்துள்ளது என்பது பொருள். 13 எனின் அச்சுற்றிலே குறுக்கிணைப்பு. ஆனாற் குறியீடு சுட்டுவது சுற்றையேயன்றி உறுப்பையன்று. 14 என்றவுடன் புதிய பை வாங்குதல் அறியாமை. இணைப்பானும் சுருள்நாடாவும் அதே சுற்றிலுள்ளன. மலிவானதும் எளிதில் எட்டக்கூடியதும் எதுவோ அதிலிருந்து தேடத்தொடங்குதல் முறை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வீட்டு மின்வேலைகளிற் பழகியோர் கம்பியின் தடையை அளக்கும் கருவியை மின்திரியோடு நேரே இணைக்கக் கருதுவர். திரியின் தடை ஏறத்தாழ 2 ஓம் அளவினது. அளவுகருவி செலுத்தும் சிறு மின்னோட்டமும் அதனைப் பற்றவைத்தல் கூடும். அதனால், திரிக்குப் பதிலாக அதே தடையுள்ள போலித் தடையொன்றைச் சோதனைக்கென இணைத்து, குறியீடு மாறுகின்றதா எனப் பார்ப்பது பயிற்சி பெற்றோர் வழக்கம். பற்றரியின் மறைமுனையைக் கழற்றியபின்னும் பெட்டியிலுள்ள கொள்ளளவியிற் சிறிது வலு எஞ்சிநிற்கும். ரொயோட்டா 90 விநாடியும் ஹொண்டா 3 நிமிடமும் பொறுத்தே கைவைக்குமாறு கூறுகின்றன. காற்றுப்பைக் கம்பிகளுக்கு மஞ்சள் நிற உறையிட்டிருப்பது, அறியாதோர் தொடற்க எனக் கூறுதற்கே. பார்த்தலும் கேட்டலும் எவர்க்கும் உரியன. கழற்றுதல் கற்றோர்க்கே உரியது.

சோதனைக்குரிய அப்போலித் தடையே வஞ்சனைக்கும் பயன்படுகின்றது. மோதலில் விரிந்துபோன பையை மாற்றாது, அதன் சுற்றிலே தடையொன்றை நிலையாகப் பொருத்திவிடின் பெட்டி ஏமாந்து விளக்கை அணைக்கும். வளையத்தின் நடு மூடி புதிதாக விளங்கும். உள்ளே பை இராது. ஈண்டுப் புகை அடக்கப்பட்டதேயன்றி நெருப்பு அவிக்கப்படவில்லை.

இனி, வஞ்சனை எதுவும் இன்றியும் விளக்கு மௌனமாயிருக்கும் ஒரு நிலையைக் கூறவேண்டும். இதுவே பழைய காருடையோர் யாவரும் அறியவேண்டிய செய்தி. யப்பானிய நிறுவனமாகிய தகாட்டா, இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் தன் வாயுவாக்கிகளில் அமோனியம் நைத்திரேற்றை எரிபொருளாகப் பயன்படுத்தியது. ஈரமும், வெப்பத்தின் ஏற்றத்தாழ்வும், ஆண்டுகளும் ஒருங்குகூடியவிடத்து அப்பொருளின் வில்லைகள் நுண்துளைபட்டுத் தளர்ந்தன. தளர்ந்த வில்லை அளவுக்கு மிஞ்சிய விரைவில் எரிந்து, உலோகக் கூட்டைப் பிளந்து, அதன் துண்டுகளைச் சாரதியின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எறிந்தது. காக்க வந்த கருவியே கொல்லும் கருவியாயிற்று. 2008இல் ஹொண்டா தொடங்கிய மீளழைப்பு, அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடி 70 இலட்சம் வாயுவாக்கிகளை உள்ளடக்கும் அளவிற்கு விரிந்தது. 2017 ஜூனில் தகாட்டா நொடித்துப்போனது. எம்மைப் போன்று வெப்பமும் ஈரமும் மிக்க மலேசியாவில், 2003ஆம் ஆண்டில் உற்பத்தியான ஹொண்டா சிற்றி ஒன்றைச் செலுத்திய கருவுற்ற பெண்ணொருவர் 2014இல் இவ்வாறு உயிரிழந்தார்.

அத்தகைய வாயுவாக்கி உள்ள காரில் எச்சரிக்கை விளக்கு ஒழுங்காக ஒளிர்ந்து, ஒழுங்காக அணைந்திருக்கும். ஏனெனிற் பெட்டி சோதிப்பது திரியின் தடையையே; எரிபொருளின் நலத்தையன்று. மின்சுற்றிற் குறையில்லை என அது கூறும் சான்று மெய்யே. அச்சான்றைக் காரின் காப்புக்கே உரிய சான்றாகக் கொள்வதிலேதான் எமது பிழை உள்ளது. ஈண்டுக் கண்ணாலோ கருவியாலோ அறிதற்கு வழியில்லை. உற்பத்தியாளரின் உரையே அளவை. காரின் செசி இலக்கத்தை உள்ளூர் முகவரிடம் கொடுத்தேனும், யப்பானிய உற்பத்தியாளரின் மீளழைப்பு இணையத்தளத்தில் இட்டேனும், அக்கார் மீளழைக்கப்பட்டதா, பழுதான உறுப்பு மாற்றப்பட்டதா என உசாவி அறிதல் வேண்டும். யப்பானில் முதல் உரிமையாளர்க்கு அனுப்பப்பட்ட அறிவித்தல், கடல் கடந்து இங்கு வந்த காரைப் பின்தொடர்ந்து வராது. அதனைத் தேடிச்செல்லுதல் இன்றைய உரிமையாளரின் கடமை.

ஆகவே செய்யத்தக்கன மூன்று. விளக்கு ஒளிரின், அதனை அடக்க முயலாது குறையைத் தேடுதல். ஒளிராவிடின், அது ஒளிரவல்லதா எனத் திறப்பைத் திருப்பியவுடன் பார்த்தல். முறையாக ஒளிர்ந்து அணையினும், செசி இலக்கத்தைக் கொண்டு ஒருமுறை உசாவுதல். முதலாவதற்குச் சிறிது பணமும், இரண்டாவதற்கு ஆறு விநாடியும், மூன்றாவதற்கு ஒரு நாளிற் சிறுபொழுதும் போதும். பிள்ளைகளையும் முதியோரையும் ஏற்றிச் செல்லும் கார்களின் உரிமையாளர் அச்சிறுபொழுதை இன்றே ஒதுக்குவாராக.