தடுத்தலும் தள்ளிவைத்தலும்: ஓர் ஆங்கிலக் கூட்டுவினை பற்றிய குறிப்பு

ஆங்கிலத்திலே வினையொன்றும் அதனைத் தொடரும் சிறு சொல்லொன்றும் இணைந்து தனிப்பொருள் தருவதுண்டு. இவற்றைக் கூட்டுவினைகள் எனலாம். தீமையை விலக்குதலைக் குறிக்கும் இத்தகைய வினைகளுள் 'ஸ்டேவ் ஓஃப்' என்பது ஒன்று. அதனைத் 'தடுத்தல்' என்றே தமிழாக்கிவிடின் பொருள் திரிபடையும் என்பதே நமது கருத்து.

இவ்வினையின் மூலம் கைத்தடியாகும். தடியைக் குறிக்கும் 'ஸ்டாஃப்' என்பதன் பன்மை 'ஸ்டேவ்ஸ்'. அப்பன்மையிலிருந்து 'ஸ்டேவ்' என்ற ஒருமையும், பின்னர் வினையும் தோன்றின. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலே, கட்டிவைத்த கரடிமீது நாய்களை ஏவும் கொடிய விளையாட்டு நிலவியது. அந்நாய்களைத் தடியால் விலக்குதலை இக்கூட்டுவினை குறித்தது. விலக்கப்பட்ட நாய் ஒழிந்துவிடுவதில்லை. தடிக்கு எட்டாத தொலைவில் நிற்கின்றது. கை சோர்ந்தால் மீண்டும் பாயும். இன்றைய பொருளின் உயிர்நிலையும் இதுவே.

பசி, நோய், தோல்வி, வங்குரோத்து முதலிய தீமைகளே இவ்வினைக்குச் செயப்படுபொருளாக வருவன. ஒருவரைப் போகவிடாது மறித்தலை இதனாற் கூறுதல் மரபன்று. அதற்குப் 'பிரிவென்ட்' உண்டு. 'பிரிவென்ட்' நிகழாமற் செய்தலைக் குறிக்கும். 'வோர்ட் ஓஃப்' என்பதிலே காவற்பொருள் மேலோங்கும். கண்ணூறு கழித்தலுக்கு அது பொருந்தும். 'ஸ்டேவ் ஓஃப்' என்பதோ பெரும்பாலும் தற்காலிக விலக்கலையே உணர்த்தும். ஒரு துண்டு பாணால் பசியைத் தாக்காட்டினோம் என்னும் நமது பேச்சுவழக்கு இதற்கு மிக அணித்தானது.

இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. 2022 ஜனவரி 18ஆம் திகதி, முதிர்வடைந்த 50 கோடி டொலர் சர்வதேச முறிக்கான பணத்தை இலங்கை அரசு செலுத்தியது. அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தலை இடைநிறுத்துவதாக அதே அரசு அறிவித்தது. ஜனவரியில் நிகழ்ந்ததை 'வங்குரோத்து தடுக்கப்பட்டது' என எழுதுவோமாயின், ஏப்பிரலில் நேர்ந்தது எதிர்பாரா விபத்தெனத் தோன்றும். 'தள்ளிவைக்கப்பட்டது' என எழுதினால், காரணங்கள் தீராதிருந்தமை புலனாகும்.

'தடுத்தல்' என்ற சொல் வாசகரை ஆறுதற்படுத்தி அனுப்பிவிடுகின்றது. 'தள்ளிவைத்தல்' என்ற சொல்லோ எத்தனை காலத்துக்கு, எவருடைய செலவில் என்னும் வினாக்களை எழுப்புகின்றது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற மக்களுக்கு அவ்வினாக்கள் உரியவை. அவற்றை மறைக்காதிருப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.