முன்னணி வீரர் ஆர்தர் பீட்சன்

கால்பந்திலும் ஹாக்கியிலும் முன்னணி வீரர் என்றால் கோல் போடுபவர் என்றே மாணவர்களாகிய நீங்கள் பொருள் கொள்வீர்கள். ரக்பி லீக் என்னும் ஆட்டத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கு முன்னணி வீரர் என்பவர் சுமை தாங்குபவர். எதிரிகள் அடர்ந்து நிற்கும் இடத்திலேயே பந்தை ஏந்திப் பாய்ந்து, அடிபட்டு வீழ்ந்து, எழுந்து மீண்டும் பாய்வது அவர் தொழில். புகழ் பெரும்பாலும் பின்னே ஓடி வருபவருக்கே போய்ச் சேரும்.

இவ்வாட்டம் பிறந்ததே ஒரு கூலி வழக்கினால்தான். இங்கிலாந்தின் வடபகுதியில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமைகளில் ரக்பி ஆடச் சென்றால் அன்றைய ஊதியத்தை இழந்தனர். அதை ஈடு செய்ய வேண்டும் எனக் கேட்டனர். ஆட்டத்தை ஆண்டுவந்த கனவான்கள் மறுத்தனர். 1895இல் வடபகுதிக் கழகங்கள் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் கூடித் தனியே பிரிந்தன. 1908இல் இவ்வாட்டம் சிட்னி நகரில் வேரூன்றியது.

ஓர் அணிக்குப் பதின்மூன்று பேர். அவர்களில் அறுவர் முன்னணியினர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். ஆனால் முன்னே இருப்பவருக்கு அதைக் கையால் வீசலாகாது. எதிரணியினர் ஓடுபவரைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவர். சடுகுடுவில் பாடி வருபவனை மடக்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்காலத்தில் எத்தனை முறை வீழ்ந்தாலும் பந்து அதே அணியிடம் இருந்தது. 1967இல் நான்கு பிடிகளே என வரம்பு வந்தது. பின்னர் அது ஆறாயிற்று. வரம்பு வந்தபின் ஒவ்வொரு பிடிக்கும் விலை ஏறியது. அவ்வேளையில்தான் ஆர்தர் பீட்சன் தம் தனித்திறனால் பெயர் பெற்றார்.

பீட்சன் 1945இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள ரோமா என்னும் உள்நாட்டு ஊரில் பிறந்தவர். அந்நாட்டின் பூர்வகுடி மரபினர். நூறு கிலோவையும் கடந்த பேருடல். அத்தகைய உடலைக் கண்டதும் அறிவுக்கு வேலையில்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு, ஆசிரியர்களிலும் உண்டு! பீட்சனின் ஆற்றலோ கைகளில் இருந்தது. இருவர் மூவர் பற்றித் தொங்கும்போதும் கையை விடுவித்து, அருகில் ஓடி வரும் தோழனுக்குப் பந்தை மெல்ல நழுவவிடுவார். இதன் பயனை எண்ணிப் பாருங்கள். மூன்று எதிரிகள் ஒருவரையே பற்றி நிற்கின்றனர். அவர்கள் காக்க வேண்டிய இடம் வெறுமையாகிறது. பந்தோ அவ்வழியே போய்விடுகிறது. பிடி முற்றுப்பெறாததால் அது கணக்கிலும் ஏறுவதில்லை. உடல் வலிமை எதிரிகளைத் தன்பால் இழுக்கும் தூண்டிலாக மட்டுமே பயன்பட்டது எனலாம்.

ரெட்கிளிஃப் அணியில் ஆடிய அவர் 1966இல் சிட்னி சென்று பால்மெய்ன் கழகத்தில் சேர்ந்தார். காரணம் பணமே. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1956இல் கழகங்களுக்குச் சூதாட்ட இயந்திரங்கள் வைக்க அனுமதி தந்தது. அவ்வருவாயால் சிட்னிக் கழகங்கள் செழித்தன. குவீன்ஸ்லாந்தில் அவ்வசதி அன்று இல்லை. ஆதலால் அதன் சிறந்த இளைஞர்கள் தெற்கே சென்றவண்ணம் இருந்தனர். பீட்சன் அவ்வாண்டே நாட்டின் அணியிலும் இடம் பெற்றார். பூர்வகுடியினரை மக்கட்தொகையில் எண்ணலாகாது என்ற விதி அப்போதும் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் இருந்தது. 1967இல் மக்கள் வாக்களித்தே அதை நீக்கினர்.

அவர் குறையற்றவர் அல்லர். 1969இல் பால்மெய்ன் வாகை சூடிய இறுதி ஆட்டத்தில் அவர் இல்லை; முந்திய ஆட்டமொன்றில் வெளியேற்றப்பட்டுத் தடை பெற்றிருந்தார். அது நியாயமே. பின்னர் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கழகத்தில், ஜாக் கிப்சன் என்னும் பயிற்சியாளரின் கீழ், தலைவராக 1974, 1975 ஆகிய ஈராண்டுகளிலும் வெற்றிக் கேடயம் பெற்றார். இரண்டாம் இறுதி ஆட்டத்தில் எதிரணியான செயின்ட் ஜார்ஜ் ஒரு புள்ளியும் பெறாது 38க்குத் தோற்றது. இதற்கிடையே 1973இல் ஆஸ்திரேலிய அணிக்குத் தலைமை ஏற்றார். எந்த விளையாட்டிலும் அந்நாட்டு அணிக்குத் தலைமை தாங்கிய முதல் பூர்வகுடி வீரர் அவரே.

எனினும் ஒரு குறை இருந்தது. மாநிலங்களுக்கிடையே நடந்த ஆட்டங்களில், ஒருவர் எங்கு ஆடி ஊதியம் பெறுகிறாரோ அம்மாநிலத்துக்கே ஆட வேண்டும். எனவே பீட்சன் பலமுறை தாம் பிறந்த குவீன்ஸ்லாந்தையே எதிர்த்து ஆட நேர்ந்தது. தன் மைந்தர்களாலேயே அம்மாநிலம் ஆண்டுதோறும் தோற்றது. ஆட்டத்தைக் காண வருவோரும் குறைந்தனர்.

1980இல் ஒரு சோதனை செய்தனர். முதல் இரண்டு ஆட்டங்களையும் பழைய முறைப்படி நியூ சவுத் வேல்ஸ் வென்றது. மூன்றாவதில், முதன்முதல் எம்மாநிலத்தில் ஆடினாரோ அம்மாநிலத்துக்கே ஒருவர் ஆடலாம் என்றனர். அப்போது பீட்சனுக்கு 35 வயது. பாரமாட்டா கழகத்தின் இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அவரையே தலைவராக அழைத்தது குவீன்ஸ்லாந்து. ஜூலை 8ஆம் நாள் பிரிஸ்பேன் லாங் பார்க் மைதானத்தில் 33,000க்கும் மேற்பட்டோர் கூடினர். அம்மாநிலத்தின் அரக்கு நிறச் சட்டையை அவர் அணிந்து களமிறங்கியது அதுவே முதல் முறை. அன்றே இருபது வயது நிறைந்த மால் மெனிங்கா ஏழு முறை பந்தை உதைத்து ஏழு முறையும் குறி தவறாமல் புள்ளி சேர்த்தார். 20க்கு 10 என்று குவீன்ஸ்லாந்து வென்றது.

பீட்சன் அம்முறையில் ஆடியது அந்த ஓர் ஆட்டமே. மறு ஆண்டு முதல் அவ்வணிக்குப் பயிற்சியாளரானார். 1982இல் அப்போட்டி மூன்று ஆட்டங்கள் கொண்ட தொடராயிற்று. பிறகு அந்நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு நிகழ்ச்சிகளுள் ஒன்றாக வளர்ந்தது. 2011 டிசம்பர் முதல் நாள் மிதிவண்டியில் சென்றுகொண்டிருந்த பீட்சன் மாரடைப்பால் காலமானார். அவர் உயிர் நீத்த இடமும் குவீன்ஸ்லாந்திலேயே உள்ளது.